ஹசார்ட் வேறு, ரிஸ்க் வேறாம். தமிழில் என்ன எழுதுவது? (படிவம் திரும்பி வந்துவிட்டது)

பந்தல்காரன் (டர்பன், தென்னாப்பிரிக்கா) — திங்கள், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். இது மொழிச் சந்தேகமா கோயில் சந்தேகமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் தெரிந்தவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள்.

குட் ஃப்ரைடே அன்று எங்கள் கோயிலில் தீமிதி. கூட்டம் பெரிதாக வரும் என்பதால் முன்கூட்டியே பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். கோயில் திருவிழாவும் 2010-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறதாம். கமிட்டியில் "தம்பி ஆபீஸ் வேலை பார்க்கிற ஆள்" என்று சொல்லி அந்தச் சுமையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

படிவத்தில் மூன்று கட்டம். முதல் கட்டம் ஹசார்ட். இரண்டாவது ரிஸ்க். மூன்றாவது, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள். நான் முதல் கட்டத்தில் "நெருப்பு, டேஞ்சர்" என்று எழுதினேன். இரண்டாவதில் "நெருப்பு, ரொம்ப டேஞ்சர்". மூன்றாவதில் "கவனமாக இருப்போம்". மூன்றே நாளில் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில், முதல் இரண்டு கட்டமும் ஒன்றேதான் என்று ஒரு வரி.

இன்னொரு தொல்லை. சமையல்காரர்கள், மேளக்காரர்கள் எல்லாம் ஊரிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழில் பலகை வைக்க வேண்டும். அகராதியைப் புரட்டினால் அபாயம், ஆபத்து, இடர், கேடு, தீங்கு, இடையூறு என்று ஒரு கூடை கொட்டுகிறது. டேஞ்சருக்கும் அதே கூடை, ரிஸ்க்குக்கும் அதே கூடை. ஹசார்ட்டுக்கு எதை எடுப்பது?

மைய_வட்டம் (ஃபீனிக்ஸ், டர்பன்) — திங்கள், இரவு 9:51

ஹசார்ட் பெல்ஜியம் ஃபுட்பால்காரர் அண்ணா. பத்தாம் நம்பர். 2023-ல ரிட்டயர் ஆயிட்டார். இதுக்கு மேல எனக்குத் தெரியாது.

பந்தல்காரன் — திங்கள், இரவு 9:53

டேய்.

பாறைக்குக்_கீழே (கார்ல்டன்வில்) — திங்கள், இரவு 10:30

தம்பி, படிவத்தைத் திருப்பின ஆள் சரியாத்தான் திருப்பியிருக்கார். கோவிச்சுக்காதீங்க.

இந்த நாட்டுல இதுக்குச் சட்டத்துலயே விளக்கம் இருக்கு. 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் சட்டம், வேலையிடத்துல உடல்நலம், பாதுகாப்பு பற்றியது. மூணு சொல்லையும் தனித்தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க. தமிழ்ல சொல்றேன். டேஞ்சர்னா ஆளுக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ உண்டாக்கக்கூடிய எதுவும். ஹசார்ட்னா அந்த ஆபத்து எதுலேருந்து வருதோ அது. அதுக்கு எதிர்ல போய் நிக்கிறதும் அதுல சேர்த்தி. ரிஸ்க்னா அந்தக் காயமோ சேதமோ நடக்கறதுக்கு எவ்வளவு வாய்ப்பு.

புத்தகத்துல படிச்சா மண்டையில ஏறாது. நான் தங்கச் சுரங்கத்துல பாதுகாப்பு வேலை பார்க்கிறேன், அங்கேருந்தே சொல்றேன். தலைக்கு மேல இருக்கிற பாறையை 'ஹேங்கிங் வால்'னு சொல்வோம். ஷிஃப்ட் ஆரம்பிச்சதும் முதல் காரியம், நீளக் கம்பியால அதைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறது. கணீர்னு கேட்டா பாறை திடமா இருக்கு. டொப்புனு, பழுத்த பலாவைத் தட்டின மாதிரி கேட்டா உள்ளே பிளந்திருக்கு. அந்தப் பிளந்த பாறைதான் ஹசார்ட். அதுக்குக் கீழே நாலு பேர் உட்கார்ந்து ரொட்டி தின்னுட்டிருந்தா ரிஸ்க் எக்கச்சக்கம். கயிறு கட்டி ஆளே போகாம மறிச்சிட்டா ரிஸ்க் கிட்டத்தட்ட இல்லை. ஆனா ஹசார்ட் எங்கேயும் போகல, மேலேயே தொங்கிட்டிருக்கு. கம்பியை விட்டு நெம்பிக் கீழே தள்ளினாத்தான் அது ஒழியும்.

நான் புது ஆளுங்களுக்குச் சொல்றது இதுதான்: ஹசார்ட்டை விரலால காட்டலாம். ரிஸ்க்கைக் காட்ட முடியாது, கணக்குப் போட்டுத்தான் சொல்லணும். நீங்க விரலால காட்டக்கூடியதை மட்டும் முதல் கட்டத்துல எழுதுங்க.

என்3_ஓட்டி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) — செவ்வாய், காலை 6:05

எங்க உலகத்துல ஹசார்ட்னா நன்றின்னு அர்த்தம்.

சிரிக்காதீங்க. டர்பன்லேருந்து ஜோபர்க் வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை ஓட்டுறேன். ஏத்தத்துல லாரி ஊர்ந்து போகும். பின்னாடி நம்ம வண்டியைப் பார்த்ததும் அந்த டிரைவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி இடது ஓரமா ஒதுங்குவார். நான் தாண்டிப் போனதும் ஹசார்ட் சுவிட்சைத் தட்டி ரெண்டு சிமிட்டு. அவர் முன்விளக்கை ஒரு தடவை மின்னுவார், பரவாயில்லப்பாங்கிற மாதிரி. முகம் தெரியாத ஆளோட நாள் முழுக்க இப்படியே பேசிட்டுப் போகலாம்.

அதே சுவிட்சு வான் ரீனன் கணவாய்ல பனி இறங்கினா வேற மாதிரி. முன்னால பத்து அடி தெரியாது. எல்லா வண்டியும் ஹசார்ட் போட்டு நத்தை மாதிரி நகரும். அப்போ அதுக்கு "இங்கே ஒருத்தன் இருக்கான், மோதிடாதே"ன்னு அர்த்தம். அதாவது அந்த நேரத்துல நான்தான் ஹசார்ட்.

போன வருஷம் திருச்சிக்குப் போனேன். அங்கே நாற்சந்தில நேராப் போறவன் எல்லாம் ஹசார்ட் போடுறான். இடதும் இல்லை வலதும் இல்லை, அதனால ரெண்டையும் போட்டுட்டேன்கிறான் என் மச்சான்! பக்கவாட்டுலேருந்து வர்றவனுக்கு ஒரு பக்க விளக்குதானேடா தெரியும், நீ திரும்புறேன்னுல்ல நினைப்பான்னு கேட்டா பதில் இல்லை.

மைய_வட்டம் — செவ்வாய், காலை 7:20

ஆக கரன்ட் இல்லாம ரோபோ அணைஞ்சு கிடக்கிற நாலுமுக்குல உங்க மச்சானை விட்டா, அவர்தான் ஹசார்ட், அவர் போட்டதும் ஹசார்ட். (ஊர்க்காரங்களுக்கு: இங்கே ரோபோன்னா டிராஃபிக் சிக்னல்.)

காத்ர்போர்ன்_வாத்தியார் (மொரீஷியஸ்) — செவ்வாய், காலை 8:48

தீவிலிருந்து ஒரு குரல். இந்தச் சொல்லால் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் வீட்டில் கிரியோல், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும், கோவிலில் தமிழ். பத்து வயதில் ஆங்கிலக் கட்டுரையில் 'மாமாவைச் சந்தையில் பை ஹசார்ட் சந்தித்தேன்' என்று எழுதினேன். ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் உரக்கப் படித்துக் காட்டினார். உன் மாமா என்ன அவ்வளவு கொடியவரா என்று கேட்டார்.

பிரெஞ்சில் 'அஸார்' என்றால் தற்செயல். 'பார் அஸார்' என்றால் யதேச்சையாக. சூதாட்டத்தைச் சொல்ல 'அஸார் விளையாட்டுகள்' என்பார்கள். ஆபத்து என்ற வாடையே அதில் கிடையாது. ஆங்கிலக்காரர்கள் பிரெஞ்சிலிருந்து இதை வாங்கியபோது அது இரண்டு பகடைக்காய் வைத்து ஆடும் ஒரு ஆட்டத்தின் பெயர். உருட்டுகிறவர் ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உருட்ட வேண்டும். ஆட்டத்தின் பெயர் மெல்ல மெல்ல ஆட்டத்தில் பணயம் வைக்கும் செயலுக்கு ஆனது, பிறகு பணயம் வைத்ததை இழக்கும் நிலைக்கு ஆனது, கடைசியில் ஆபத்துக்கே பெயராகிவிட்டது. பகடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பெயின் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது என்பார்கள். அது உறுதிப்பட்ட கதை இல்லை.

பழைய பகடை வாசனை ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஹசார்ட் எ கெஸ்' என்றால் நாம் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்போமே, அது. தப்பினால் தப்பட்டும் என்று வாயைக் கொடுப்பது. இன்னொன்று 'ஹாப்ஹசார்ட்'. அதில் முன்பாதிக்கும் அதிர்ஷ்டம்தான் பொருள், பின்பாதிக்கும் அதுதான். நம் ஏனோதானோ கச்சிதமாகப் பொருந்துகிறது, அதுவும் இரட்டையாகவே வருகிறது பாருங்கள்.

பந்தல்காரன் — செவ்வாய், காலை 9:15

ஐயா, படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் பகடையை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மதுரை_டு_மிட்ராண்ட் — செவ்வாய், காலை 10:02

பகடைன்னதும் ஒண்ணு தோணுது. நம்ம பக்கம் "சூதானமா போயிட்டு வா"ம்பாங்க. சூது, சூதானம். அப்போ தமிழ்லயும் பகடையிலேருந்துதான் எச்சரிக்கைச் சொல் வந்திருக்கோ?

சாட்ஸ்வர்த்_ஆயா — செவ்வாய், காலை 11:30

இல்லை அப்பா. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது சாவதானம் என்ற வடசொல் மக்கள் வாயில் தேய்ந்து வந்தது என்றே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சாவதானம் என்றால் கவனம், பதறாமை. சூதுக்கும் அதற்கும் உறவு இல்லை.

பந்தல் தம்பி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் இந்த நாட்டில் நான்காம் தலைமுறை. தமிழை மாலைப் பள்ளியில் கற்றேன், அங்கேயே முப்பது வருஷம் கற்பித்தேன். சிறு பெண்ணாக இருந்தபோதிலிருந்து குழி இறங்குவதைப் பார்த்து வருகிறேன். அம்மன் குழியை ஒரு தாளில் "ஹசார்ட்" என்று எழுதிக் கொடுக்கப் போகிறாயா? விரதம் இருந்து மஞ்சள் துணி கட்டி இறங்குகிறவளுக்கு அது பூக்குழி. பெயரை மாற்றினால் பொருளும் மாறும்.

பாறைக்குக்_கீழே — செவ்வாய், மதியம் 1:10

ஆயா, கும்பிடுறேன். நீங்க சொல்றதை மறுக்கல. ஆனா ஹசார்ட்ங்கிறது வசவு இல்லை. உங்க தீமிதியை வெச்சுத்தான் அந்த வித்தியாசத்தை இன்னும் தெளிவா காட்ட முடியும்.

கணப்பு 500 டிகிரிக்கு மேல தகதகன்னு இருக்கும். அதை ஹசார்ட் இல்லைன்னு எந்தப் பூசாரியும் சொல்ல மாட்டார். ஆனா இறங்குறவங்களுக்கு ரிஸ்க் கம்மி. ஏன்? கட்டையை நல்லா எரியவிட்டுத் தணலாக்கி, சமமா பரப்பி விடுறாங்க. கரியும் அது மேல படிஞ்ச சாம்பலும் சூட்டை மெதுவாத்தான் கடத்தும். ஒவ்வொரு காலும் படுறது கண் இமைக்கிற நேரம். அந்தப் பக்கம் பால் குழி. அதே தணல்ல ஒரு இரும்புத் தகடு கிடந்து அது மேல கால் பட்டா கதை வேற. பயந்து ஓடினாலும் கதை வேற, கால் ஆழமாப் புதையும். பெரியவங்க "ஓடாதே, நிக்காதே, நடந்து போ"ன்னு சொல்றதும், குழியைச் சுத்தி ஆணி கம்பி இருக்கான்னு துடைப்பம் போட்டுப் பார்க்கிறதும் எங்க தொழில்ல ரிஸ்க்கைக் குறைக்கிறதுன்னு சொல்றோமே, அதுவேதான். நீங்க எங்களுக்கு முன்னாடியே செஞ்சிட்டிருக்கீங்க.

ஆனா குழி ஓரத்துல தடுப்பு மேல ஏறி எட்டிப் பார்க்கிற ஆறு வயசுப் பையனுக்கு? ஹசார்ட் அதே குழிதான். ரிஸ்க் இறங்குறவங்களை விடப் பல மடங்கு. படிவத்துல எழுத வேண்டியது அந்தப் பையனைத்தான், அம்மனை இல்லை.

சாட்ஸ்வர்த்_ஆயா — செவ்வாய், மதியம் 2:25

இது எனக்குச் சம்மதம்.

பாலிசி_பார்வை (ஜோஹானஸ்பர்க்) — செவ்வாய், மாலை 5:40

உள்ளே வரலாமா? இன்சூரன்ஸ்காரன். நான் வந்தால் குழப்பம்தான், முன்பே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தொழிலில் ஹசார்ட்டின் பொருள் இதுவல்ல. நஷ்டத்தை நேரடியாக உண்டாக்குவது 'பெரில்': தீ, வெள்ளம், திருட்டு. அந்தப் பெரில் வரும் வாய்ப்பையோ அது செய்யும் நஷ்டத்தையோ கூட்டிவிடுகிறதே, அதற்குத்தான் ஹசார்ட் என்று பெயர். உங்கள் பந்தலுக்குத் தீப்பிடித்தால் தீ பெரில். அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்த் துணியைக் குவித்து வைத்தீர்களே, அது ஹசார்ட். பாறை ஐயா கணக்கில் நெருப்பு ஹசார்ட். என் கணக்கில் எண்ணெய்த் துணி ஹசார்ட்.

மனிதனுக்குள் இருக்கிற ஹசார்ட்டும் உண்டு. 'மாரல் ஹசார்ட்' என்போம். பாலிசி இருக்கிறது, போனால் பணம் வரும் என்று பூட்டைச் சரியாகப் பூட்டாமல் போகிறவன் மனசு. மொழிபெயர்க்கிறேன் என்று யாரோ இதை 'ஒழுக்க அபாயம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஏதோ சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது. "எவன் வீட்டுச் சொத்தோ என்கிற மெத்தனம்" என்று எழுதியிருந்தால் என் பாட்டிக்கும் புரிந்திருக்கும்.

எந்தப் பெரிலுக்கு யார் பொறுப்பு என்பது இந்த நாட்டில் வெறும் வார்த்தை விஷயம் இல்லை. கலவரத்தில் எரிந்தால் சாதாரண பாலிசி பணம் தராது. அதற்கென்றே 1976 சோவெட்டோ எழுச்சிக்குப் பிறகு, 1979-ல் சாஸ்ரியா என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். 2021 ஜூலையில் டர்பனில் கடைகள் எரிந்தபோது, அந்த வரி பாலிசியில் இருந்தவன் பிழைத்தான்.

பந்தல்காரன் — செவ்வாய், மாலை 6:02

ஐயோ. இப்போது மூன்று கட்டம் போதாது, நாலாவது வேண்டும் போலிருக்கிறதே.

பாறைக்குக்_கீழே — செவ்வாய், மாலை 6:30

வேண்டாம். எந்த ஆபீஸ் படிவமோ அந்த ஆபீஸ் அர்த்தம். பாலிசி ஐயா சொன்ன எண்ணெய்த் துணியையும் முதல் கட்டத்துலயே போடுங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது.

மைய_வட்டம் — செவ்வாய், இரவு 8:14

சீரியஸா ஒண்ணு கேட்கிறேன். எங்க அம்மாவுக்கு ஊர்லேருந்து ஒரு ஜோசியர் எனக்குத் தண்ணில கண்டம்னு சொல்லிட்டார். டர்பன்ல பிறந்து வளர்ந்து இருபத்திரண்டு வயசுல இன்னும் முழங்காலுக்கு மேல கடல்ல இறங்கினதில்லை. கண்டம்கிறது ஹசார்ட்டா ரிஸ்க்கா?

காத்ர்போர்ன்_வாத்தியார் — செவ்வாய், இரவு 8:40

நல்ல கேள்வி! நான் யோசிக்காத சொல். கண்டத்தில் எதனால் என்பது இருக்கிறது: தண்ணீரில் கண்டம், வண்டியில் கண்டம். எந்த வயதில் என்பதும் இருக்கிறது. இத்தனை சதவீதம் என்ற கணக்கு மட்டும் இல்லை, வந்தே தீரும் என்ற நிச்சயம்தான். ஆக அது ஹசார்ட்டுக்குத் தேதி குறித்தது. ஆனால் தடுக்க முடியாத ஒன்றைப் படிவத்தில் எழுத முடியாது, மூன்றாவது கட்டம் காலியாகிவிடும்.

என்3_ஓட்டி — செவ்வாய், இரவு 9:05

ஏன் காலி? பரிகாரம்னு எழுதுங்க. 😀

பாறைக்குக்_கீழே — செவ்வாய், இரவு 9:20

தம்பி மைய_வட்டம், உங்க ஊர்க் கடல்ல சுறா ஹசார்ட். 1952-லேருந்து டர்பன் கரையில வலை போட்டிருக்காங்க. அந்த வலை சுவர் மாதிரி முழுசா அடைச்சிருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை, மேலயும் பக்கத்துலயும் இடைவெளி உண்டு. கரைக்கு வர்ற சுறா எண்ணிக்கையைக் குறைக்கிறதுதான் அதோட வேலை. ஹசார்ட் கடல்லயே இருக்கு, ரிஸ்க் குறைஞ்சிருக்கு. அம்மாகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. ஜோசியர்கிட்ட சொல்லாதீங்க.

சாட்ஸ்வர்த்_ஆயா — புதன், காலை 10:15

தண்ணீர் என்றதும் இரவு தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நம் டர்பன் உம்கேனி ஆறு. 1917 அக்டோபர் கடைசியில் பெரிய வெள்ளம். ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் நம்மவர்கள் காய்கறித் தோட்டம் போட்டுக் குடிசை கட்டி இருந்தார்கள். ஒப்பந்தக் கூலி முடிந்து வந்தவர்களுக்குக் கிடைத்த மண் அது, ஆற்றோரம். என் தாத்தா அப்போது சிறுவன், மாமரத்தில் ஏறி உட்கார்ந்து தப்பினாராம். கரைவலை இழுக்கும் நம் மீனவர்கள் ஆறு பேர், படவட்டான் குடும்பத்தார் முன்னின்று, படகை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளத்தில் இறங்கி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். திரும்பத் திரும்பப் போனார்கள். அவர்களுக்குத் தெரியாத ஆபத்தா?

பிறகு அதே ஆற்றோரத்தில் தகரக் கொட்டகைகள் எழும்பின. டின் டவுன் என்றுதான் பெயர். 1976-ல் அதையும் தண்ணீர் எடுத்தது. அங்கிருந்தவர்களை ஃபீனிக்ஸில் கொண்டுபோய் வைத்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடி வானம் பொத்துக்கொண்டது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல். மாகாணத்தில் 400 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஆற்றின் ஓரத்திலும் சரிவிலும் தகரமும் பலகையும் வைத்துக் கட்டியிருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். இந்தத் தடவை பெரும்பாலும் நம் ஆட்கள் இல்லை, வேறு ஏழைகள்.

பாறைத் தம்பி சொன்னதை வைத்துக்கொண்டு இரவெல்லாம் யோசித்தேன். மழை ஹசார்ட். சரி. அது யாரையும் கேட்டு வருவதில்லை. ஆனால் யார் எங்கே குடியிருக்கலாம் என்பதைச் சட்டம் போட்டுத் தீர்மானித்தார்களே, அந்த ரிஸ்க்கை எழுதிக் கொடுத்தது யார்? உங்கள் அட்டவணையில் அதற்குக் கட்டம் உண்டா?

இன்னொன்று. இந்த நாட்டில் மின்பெட்டிகளில் மூன்று மொழியில் பலகை இருக்கும்: டேஞ்சர், கெஃபார், இங்கோசி. நடுவில் இருப்பது ஆப்பிரிக்கான்ஸ். அந்தக் கெஃபார் என்ற சொல்லை நான் முதலில் கற்றது மின்பெட்டியில் அல்ல. 'ஸ்வார்ட் கெஃபார்', கறுப்பு ஆபத்து. கறுப்பர்களைக் காட்டி வெள்ளையரைப் பயமுறுத்தும் சொல். 1929 தேர்தலை அந்த ஒரு சொல்லை வைத்தே நடத்தினார்கள். ஆபத்து எது என்று பெயர் வைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

பாறைக்குக்_கீழே — புதன், காலை 11:02

ஆயா, கட்டம் இல்லை. இதுக்கு என்கிட்ட பதிலும் இல்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும். 1996 சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்துல 23-ஆம் பிரிவு. வேலையிடம் ஆபத்தானதுன்னு தொழிலாளிக்கு நியாயமாத் தோணினா அவரே அங்கேருந்து வெளியேறலாம். எது ஆபத்துன்னு சொல்ற உரிமையில ஒரு துண்டு அவர் கைக்கும் வந்திருக்கு. எழுத்துல வந்திருக்கு. போனஸை நினைச்சு அதைப் பயன்படுத்தாம இருக்கிறவங்களையும் தினமும் பார்க்கிறேன்.

என்3_ஓட்டி — புதன், மதியம் 12:20

இங்கோசி பத்தி ஒண்ணு. என்கூட வர்ற ஜூலு உதவியாள்கிட்ட கேட்டேன். ஆபத்துக்கும் இங்கோசி, விபத்துக்கும் இங்கோசிதானாம். வர்றதுக்கு முன்னாடியும் அதே பேரு, வந்த பிறகும் அதே பேரு. நாம ஆபத்து, விபத்துன்னு ரெண்டு வெச்சிருக்கோம், ஆனா ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதான் இருக்கு.

குழி_பதினெட்டு (டர்பன் நார்த்) — புதன், மாலை 4:45

கோல்ஃப்காரன் சார்பில் ஒரு வரி. எங்களுக்கு மணல் குழியும் தண்ணீரும்தான் ஹசார்ட். 2019 விதிகளில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள், தண்ணீர்ப் பகுதி இப்போது 'பெனால்டி ஏரியா'. ஆனால் 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் வென்ற பப்வா செவ்கோலமுக்கு மணலும் தண்ணீரும் தடையாக இல்லை. இந்தியர் என்பதால் கட்டடத்துக்குள் விடாமல் வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். ஆயா கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தல்காரன் — புதன், இரவு 10:50

எல்லாருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய், பாறை ஐயா சொன்னபடி விரலை நீட்டிக்கொண்டே ஒரு சுற்று நடந்தேன். கமிட்டித் தலைவர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார். முதல் கட்டத்தில் எழுதியவை:

தணல் குழி. (ரிஸ்க்: தடுப்பில் ஏறும் சிறுவர்கள் விழுவது. செய்வது: இரண்டு வரிசைத் தடுப்பு, நடுவில் இரண்டு மீட்டர் இடைவெளி, ஒவ்வொரு பக்கமும் தொண்டர்.)

அன்னதானக் கொட்டகையில் 48 கிலோ கேஸ் சிலிண்டர் நாலு. (கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். மூன்று பக்கமும் படுதா கட்டி மூடியிருந்தார்கள். சிலிண்டரை வெளியே நிறுத்தி, படுதாவின் அடிப்பக்கத்தைத் தூக்கிவிடச் சொல்லியாயிற்று.)

நாதஸ்வர மேடைக்குப் போகும் ஒயர், நடைபாதைக்குக் குறுக்கே. நானே தடுக்கி விழப் பார்த்தேன், எனவே ரிஸ்க் என்னவென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நாலாவதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. தீமூட்டுவதற்கு வைத்திருந்த பாரஃபின், அதாவது நம் மண்ணெண்ணெய், இரண்டு லிட்டர் கூல்ட்ரிங் பாட்டிலில். ஆரஞ்சுப் படம் போட்ட லேபிள் அப்படியே இருக்கிறது. தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில், குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில். இத்தனை வருஷமாக அங்கேயேதான் வைக்கிறார்களாம். "நெருப்பு, டேஞ்சர்" என்று எழுதிக்கொண்டிருந்த என் கண்ணில் இது படவே இல்லை. பாட்டிலை நானே எடுத்துக்கொண்டுபோய் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பலகைக்கு மட்டும் இன்னும் சொல் முடிவாகவில்லை. இடர் என்றால் மேளக்காரருக்குச் செய்தித்தாள் மாதிரி இருக்கிறதாம். ஆபத்தா, அபாயமா?

சாட்ஸ்வர்த்_ஆயா — வியாழன், காலை 7:30

மேலே அபாயம் என்று பெரிதாகப் போடு. ஊரில் மின்கம்பத்திலும் ரயில் சங்கிலியிலும் பார்த்துப் பழகிய சொல், பார்த்ததும் கால் நிற்கும். கீழே எது என்று எழுது. "தணல். தடுப்பில் சாயாதீர்." "கேஸ். தீக்குச்சி கிழிக்காதீர்." ஹசார்ட்டுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடி ஏன் அலைகிறாய்? நம் வீட்டில் "இடையூறு உள்ளது" என்று யார் சொன்னார்கள்? "பாம்பு கிடக்கு", "வழுக்கும்", "சுடும்" என்றுதானே சொன்னார்கள்.

பாறைக்குக்_கீழே — வியாழன், காலை 7:41

ஆயா எங்க டிரெய்னிங்குக்கு வந்து ஒரு நாள் பேசுவீங்களா?

பந்தல்காரன் — அடுத்த செவ்வாய், மாலை 6:18

படிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். இந்தத் தடவை சிவப்பு மை இல்லை.

பலகைகளும் வந்துவிட்டன. எழுதியவர் இங்கேயே பிறந்த பெயின்டர், தமிழ் படிக்கத் தெரியாது. நான் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறார். என் கையெழுத்து லட்சணத்தில் அவருக்கு 'அ' சரியாகத் தெரியவில்லை. அம்மன் குழிக்கு இரண்டு பக்கமும் இரண்டடி உயரச் சிவப்பு எழுத்தில் இப்போது நிற்பது: "உபாயம்".

மைய_வட்டம் — அடுத்த செவ்வாய், மாலை 6:20

அண்ணா, மாத்தாதீங்க. போட்டோ எடுத்துக்கிறேன்.

சாட்ஸ்வர்த்_ஆயா — அடுத்த செவ்வாய், மாலை 6:55

குழிக்கு அந்தப் பெயரும் பொருத்தம்தான். இருந்தாலும் சிலிண்டர் பக்கத்தில் இருக்கிற பலகையை உடனே மாற்று. நாளை காலை ஒன்பது மணிக்கு நானே பிரஷோடு வருகிறேன், சிவப்புப் பெயின்ட் மட்டும் வாங்கி வை.